வலக்கை ஸ்ட்ராட்டை இடக்கைக்கு மாற்றுவது எப்படி? ஹென்ட்ரிக்ஸ் வழி

இடக்கையால் வாசித்த ராக் கிட்டார் கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பெயரில் ஃபெண்டர் நிறுவனம் 2015-ல் ஒரு ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) எலெக்ட்ரிக் கிட்டாரைக் கொண்டுவந்தது. இடக்கைப் பழக்கம் உள்ளவர் ஆசையாக அதை வாங்கினால் ஏமாந்துபோவார். அது வலக்கைக்காரருக்கானது, ஹெட்ஸ்டாக்கையும் (கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதி) பிரிட்ஜ் பிக்கப்பின் (உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜை ஒட்டி ஒலியை வாங்கும் காந்தக் கட்டை) சாய்வையும் மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பியிருப்பார்கள். 1997-ல் வந்த மாடல் இன்னும் வேடிக்கை. இடக்கை கிட்டாருக்கு வலக்கை வரிசையில் கம்பி கட்டி, ஹெட்ஸ்டாக்கில் ஃபெண்டர் பெயரையும் இடவலம் மாற்றிப் பொறித்திருந்தார்கள். கண்ணாடி முன் நின்றால் ஹென்ட்ரிக்ஸ் பிடித்த மாதிரியே தெரிய வேண்டுமாம்!

அவர் கையில் இருந்ததோ கடையில் கிடைக்கும் வலக்கை ஸ்ட்ராட். 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டாக்கில் வாசித்த வெள்ளை கிட்டாரும் அப்படித்தான். அதைக் கவிழ்த்துப் பிடித்து, கம்பிகளை வரிசை மாற்றிக் கட்டிக்கொண்டார். ஆகவே உங்களுக்கும் சாதாரண வலக்கை ஸ்ட்ராட் போதும். (இடக்கை ப்ளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங் போல வரிசையை மாற்றாமல், தடித்த கம்பி கீழே இருக்க வாசிக்கப் போகிறீர்கள் என்றால் நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகள் தங்கும் வெட்டுள்ள துண்டு), சேடில் (பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் துண்டு) வேலையெல்லாம் தேவையே இல்லை.)

தேவையானவை: வெட்டு போட்ட இடக்கை நட் ஒன்று, 10-46 கம்பி செட் (மெல்லியது 0.010, தடித்தது 0.046 அங்குலம்), ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், சேடில் உயரத்துக்கான ஆலன் கீ, பிளேடு, 220 நம்பர் உப்புத்தாள், சூப்பர் க்ளூ, 2.5 மி.மீ. டிரில் பிட், சுருதி காட்டும் ட்யூனர். நட் வாங்கும் முன் பழையதை அளந்துகொள்ளுங்கள். நீளம் பெரும்பாலும் 42 மி.மீ. இருக்கும். அடிப்பக்கம் தட்டையா வளைவா என்பதையும் பாருங்கள். மாறிப்போனால் பள்ளத்தில் உட்காராது.

முதலில் வாமி பிரிட்ஜுக்கும் (ஸ்பிரிங்கில் அசையும் பிரிட்ஜ்) உடலுக்கும் நடுவே மடித்த அட்டையைச் செருகிவிட்டுக் கம்பிகளைத் தளர்த்திக் கழற்றுங்கள். அட்டை இல்லாவிட்டால் பின்பக்க ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை இழுத்துச் சாய்த்துவிடும்.

அடுத்து நட். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். பழைய நட்டில் தடித்த 6-ம் கம்பிக்கு அகலமான வெட்டு, மெல்லிய 1-ம் கம்பிக்கு முடி போன்ற வெட்டு. அப்படியே வரிசை மாற்றிக் கட்டினால் தடித்த கம்பி இறங்காமல் மேலே தொற்றிக்கொண்டு நிற்கும். மெல்லியது அகலப் பள்ளத்தில் ஆடி ‘ஜ்ஜ்’ என்று இரையும். ஆகவே மாற்றியே ஆக வேண்டும்.

நட்டின் இரு பக்கமும் பாலிஷ் சேரும் கோட்டில் பிளேடால் மெல்லக் கீறுங்கள். கீறாமல் தட்டினால் நட்டோடு பாலிஷும் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து வரும். பிறகு சிறு மரக்கட்டையை ஓரத்தில் வைத்துப் பக்கவாட்டில் தட்டுங்கள். பழைய பசை ‘டிக்’ என்று விடும். நட் வழுக்கி வெளியே வரும். பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து புதியதை ஒட்டாமல் வைத்து, கம்பி கட்டிப் பாருங்கள். கம்பியை 3-ம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) அழுத்தினால் 1-ம் ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும். அதிகம் இருந்தால் நட்டின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி மேல் பரப்பிய உப்புத்தாளில் தேயுங்கள், நாலு இழுப்புக்கு ஒருமுறை சரிபார்த்து. ஒரு வெட்டு மட்டும் ஆழமாகிப்போனால் அதில் சமையல் சோடா தூவி ஒரு சொட்டு சூப்பர் க்ளூ விட்டு, இறுகியபின் மறுபடி அராவலாம். எல்லாம் சரியான பிறகே இரண்டு சொட்டு விட்டு ஒட்டுங்கள்.

இப்போது ஹெட்ஸ்டாக்கில் கம்பியைச் சுற்றும் முறுக்காணிகளின் வரிசை தலைகீழ்: 1-ம் கம்பி நட்டுக்குப் பக்கத்து முறுக்காணிக்கு, 6-ம் கம்பி கடைசி முறுக்காணிக்கு. இதனால் கம்பியின் இழுவிசையே மாறிவிடும் என்பார்கள். அது சரியல்ல. கம்பித் தடிமன், சுருதி, 648 மி.மீ. ஸ்கேல் (நட்டிலிருந்து சேடில் வரை அதிரும் நீளம்) மூன்றும் அதேதான், இழுவிசையும் அதேதான். மாறுவது நட்டுக்குப் பின்னால் இருக்கும் நீளம். மெல்லிய கம்பிகளுக்கு அது குறைவதால், பெண்ட் செய்யும்போது (கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதி ஏற்றும்போது) சற்று விறைப்பாகத் தோன்றும், ஆனால் குறைந்த தூரம் தள்ளினாலே சுருதி ஏறிவிடும். ஹெட்ஸ்டாக்கிலுள்ள கம்பிப் பிடிப்பான் இப்போது 5, 6-ம் கம்பிகளை அழுத்தும். சிக்காமலிருக்க அங்கே பென்சில் கரி தேயுங்கள்.

பிறகு சேடில்கள். 12-ம் ஃப்ரெட்டில் அழுத்திய சுரமும் அங்கே கம்பியை அழுத்தாமல் லேசாகத் தொட்டு மீட்டினால் கிடைக்கும் ஹார்மோனிக்கும் ட்யூனரில் ஒன்றாகக் காட்ட வேண்டும். அழுத்தியது ஷார்ப் (சுருதி கூடுதல்) என்றால் சேடிலைப் பின்னுக்கு இழுங்கள், ஃபிளாட் (சுருதி குறைவு) என்றால் நட்டை நோக்கி முன்னுக்குத் தள்ளுங்கள். 6-ம் கம்பியின் சேடில் நன்றாகப் பின்னுக்குப் போக வேண்டியிருக்கும். சேடில் ஸ்க்ரூவில் உள்ள ஸ்பிரிங் முழுதும் அமுங்கி மேற்கொண்டு நகராவிட்டால், குட்டையான ஸ்பிரிங்காக மாற்றிப் போடுங்கள். ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம் 17-ம் ஃப்ரெட்டில் 6-ம் கம்பிக்கு 2 மி.மீ., 1-ம் கம்பிக்கு 1.6 மி.மீ.

பிக்கப்பைத் தொட வேண்டாம். கிட்டாரைக் கவிழ்த்ததுமே பிரிட்ஜ் பிக்கப்பின் சாய்வும் மாறி, பிரிட்ஜை ஒட்டிய முனை தடித்த கம்பிகளுக்கு அடியில் வந்துவிடும். அடிச்சுரங்கள் இறுக்கமாகவும் மேல்சுரங்கள் சற்று மென்மையாகவும் கேட்கும். 2015 மாடல் வலக்கைக்காரருக்குக் கொடுக்கப் பார்த்தது இதைத்தான்.

ஸ்ட்ராப் மாட்டும் பட்டனைக் கழற்றி, இப்போது மேலே வந்துள்ள உடலின் குட்டைக் கொம்புக்கு மாற்றுங்கள். டேப் ஒட்டி 2.5 மி.மீ. துளை போட்டு, ஸ்க்ரூவில் சோப்பு தடவி முறுக்கினால் மரம் பிளக்காது. கொம்பு குட்டை என்பதால் கழுத்து தரையை நோக்கிச் சரியும். வழுக்காத அகலமான தோல் ஸ்ட்ராப் பிடித்துக்கொள்ளும்.

ஃப்ரெட் இடத்தைக் காட்டும் கழுத்தின் ஓரப் புள்ளிகள் இனித் தரையைப் பார்த்திருக்கும். உங்கள் பக்க ஓரத்தில் 3, 5, 7, 9, 12-ம் ஃப்ரெட் இடங்களில் சிறு ஸ்டிக்கர் புள்ளிகளை ஒட்டிக்கொள்ளுங்கள். வாசிக்கும்போது சத்தம் திடீரென்று குறைந்தால் ஆம்ப்பைச் சந்தேகிக்க வேண்டாம். குமிழ்களெல்லாம் மேல்பக்கம் வந்துவிட்டன. உங்கள் முன்கைதான் வால்யூமை உருட்டியிருக்கும்.