ஹெச்டிஎஃப்5 கோப்பில் மேட்ரிக்ஸை நிரை நிரையாக எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரிய மேட்ரிக்ஸை ஒவ்வொரு நிரையாகக் கணக்கிட்டு ஹெச்டிஎஃப்5 (பெரிய எண் தரவுகளைச் சேமிக்கும் வடிவம்) கோப்பில் சேமிப்பவர்கள் அடிக்கடி சொல்லும் புகார் ஒன்று உண்டு: கணக்கு சீக்கிரம் முடிந்துவிடுகிறது, எழுதுவதற்குத்தான் மணிக்கணக்காகிறது. பழி ஹார்ட் டிஸ்க் மேல் விழும். பெரும்பாலும் டிஸ்கில் குறை ஒன்றும் இருக்காது. கோப்புக்குள் தரவு எப்படித் துண்டு போடப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் எழுதுவதுதான் காரணம்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 1,00,000 நிரை, 10,000 நிரல், எண் ஒன்றுக்கு 4 பைட். மொத்தம் 4 ஜிபி. ஒரு நிரை 40,000 பைட். துண்டின் (chunk) அளவை 1000 நிரைக்கு 1000 நிரல் என்று வைத்து, ஜிஸிப் சுருக்கமும் போட்டிருக்கிறோம். ஒரு துண்டு 4 எம்பி. ஒரு நிரை 10 துண்டுகளில் பரவிக் கிடக்கும். ஹெச்டிஎஃப்5 நூலகத்தின் 1.14 வரையிலான பதிப்புகளில், நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஒரு டேட்டாசெட்டின் (கோப்புக்குள் இருக்கும் ஒரு மேட்ரிக்ஸின்) துண்டுகளுக்குக் கிடைக்கும் கேஷ், அதாவது மெமரியில் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம், 1 எம்பிதான். 4 எம்பி துண்டு அதில் அடங்காது. அதனால் ஒவ்வொரு நிரைக்கும் அந்த 10 துண்டுகளையும் டிஸ்கிலிருந்து எடுத்து, விரித்து, ஒவ்வொன்றிலும் 4000 பைட்டை மட்டும் மாற்றி, மறுபடி சுருக்கி எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த நிரைக்கும் அதே துண்டுகள், அதே வேலை. 1000 நிரை முடிவதற்குள், 10 தடவை சுருக்கினால் போதும் என்ற இடத்தில் 10,000 தடவை சுருக்கியாகிவிட்டது. போதாக்குறைக்கு, சுருக்கிய துண்டின் அளவு ஒவ்வொரு தடவையும் மாறுவதால் அது கோப்பில் வேறு இடத்துக்கு நகரும். பழைய இடம் ஓட்டையாகக் கிடந்து கோப்பு வீங்கலாம். அந்த வீக்கத்தை ஹெச்5ரீபேக் (கோப்பைப் புதிதாக நகலெடுத்துத் தரும் கருவி) குறைத்துத் தரும், ஆனால் போன நேரம் போனதுதான்.

தீர்வு எளிது. 1000 நிரைகளை மெமரியில் சேர்த்துவைத்து ஒரே தடவையில் எழுதுங்கள். அதற்குப் பிடிப்பது 40 எம்பிதான். இப்படிச் சேர்க்க வசதியில்லையென்றால், கோப்பைத் திறக்கும்போதே கேஷை 64 எம்பி ஆக்கிவிடுங்கள். முதல் வழியே எனக்குப் பிடித்தது. எது எப்போது டிஸ்குக்குப் போகிறது என்பது நம் கையில் இருக்கும்.

சேர்த்து எழுதும்போது 600, 700 என்று ஏதோ ஓர் எண்ணை வைக்காதீர்கள். துண்டின் உயரத்துக்குச் சரியான மடங்காக இல்லாவிட்டால் எல்லையில் இருக்கும் துண்டுகளை மறுபடி தொட வேண்டிவரும். அப்புறம், லூப் முடிந்ததும் கையில் மிச்சமிருக்கும் நிரைகள். 1,00,350 நிரை இருந்தால் கடைசி 350, மெமரியில் சேர்த்துவைக்கும் பஃபரிலேயே தங்கிவிடும். இது ஆபத்தானது, ஏனென்றால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எழுதாத இடத்தைப் படித்தால் பூஜ்யம் வரும், பார்ப்பவர் அதை உண்மையான மதிப்பென்றே எடுத்துக்கொள்வார். தசம எண்களாக இருந்தால் டேட்டாசெட்டை உருவாக்கும்போதே நிரப்பு மதிப்பை (எழுதாத இடத்தில் தெரியும் மதிப்பை) NaN, அதாவது 'எண் அல்ல' என்று வைத்துவிடுங்கள். விட்டுப்போனது பளிச்சென்று தெரியும்.

இதே போலச் சத்தமில்லாமல் கெடுக்கும் இன்னொன்று பைத்தானின் ஹெச்5பை நூலகத்தில் உண்டு. டேட்டாசெட்டுக்குப் பின்னால் இரண்டு சதுர அடைப்புகளைத் தனித்தனியாகப் போட்டு, முதலில் நிரை, பிறகு நிரல் என்று மதிப்பை மாற்றினால் கோப்பில் எதுவும் மாறாது. முதல் அடைப்பு அந்த நிரையின் நகலை மெமரிக்குக் கொண்டுவருகிறது. மாறுவது அந்த நகல்தான். இரண்டு எண்களையும் ஒரே அடைப்புக்குள் காற்புள்ளியிட்டு எழுதுங்கள்.

எழுதுவது நிரை நிரையாகத்தானே என்று ஒரு நிரையையே ஒரு துண்டாக வைப்பவர்களும் உண்டு. எழுத நன்றாக ஓடும். ஆனால் பிறகு ஒரே ஒரு நிரலைப் படிக்க 4 ஜிபி முழுவதையும் விரிக்க வேண்டும். 1000-க்கு 1000 என்றால் 100 துண்டு, அதாவது 400 எம்பி போதும். யார், எந்தத் திசையில் படிக்கப்போகிறார்கள் என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், ஏனென்றால் டேட்டாசெட்டை உருவாக்கிய பிறகு துண்டின் வடிவத்தை மாற்ற முடியாது. புதிதாக நகலெடுக்கத்தான் வேண்டும்.

எத்தனை நிரை வரும் என்று தெரியாதபோது, ஒவ்வொரு நிரைக்கும் டேட்டாசெட்டை நீட்டாமல் ஆயிரம் ஆயிரமாக நீட்டி, கடைசியில் உள்ள அளவுக்கு வெட்டிவிடலாம். ஒவ்வொரு ஆயிரத்துக்கும் பிறகு ஃபிளஷ் செய்யுங்கள், அதாவது மெமரியில் நிற்பதைக் கோப்புக்குத் தள்ளிவிடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது புரோகிராம் செத்துப்போனால் கோப்பையே திறக்க முடியாமல் போகலாம்.