நைட் ட்ரெயின்ல குழந்தையைத் தூங்க வைக்கிறது எப்படி? (தூளிப் பழக்கம் உள்ள பிள்ளைங்களுக்கும்)

எழும்பூர்ல நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறினா திருநெல்வேலி வர்ற வரைக்கும் எங்க பாப்பா இப்பல்லாம் நல்லா தூங்குறா, நடுவுல ஒரு தடவை சிணுங்கினா உண்டு. என்ன பண்றீங்கன்னு தோழிங்க கேட்டுட்டே இருக்கிறதால மொத்தமா எழுதிடுறேன்.

ஸ்டெப் 1: டிக்கெட்

5 வயசுக்குள்ள டிக்கெட் வேண்டாம், ஆனா தனி பெர்த்தும் கிடையாது, உங்களோடதான் படுக்கணும். அதனால லோயர் பெர்த் கண்டிப்பா வேணும். ஐஆர்சிடிசில புக் பண்ணும்போது, குறைஞ்சது ஒரு லோயர் பெர்த் கிடைச்சா மட்டும் புக் பண்ற மாதிரி ஒரு ஆப்ஷன் இருக்கு, அதை செலக்ட் பண்ணுங்க, நிறைய பேர் கவனிக்கிறதே இல்ல. சைடு லோயர் வேண்டவே வேண்டாம், போறவங்க வர்றவங்க கை பட்டுட்டே இருக்கும். காசு கூடன்னாலும் என் சாய்ஸ் தேர்ட் ஏசிதான், ஸ்டேஷன் சத்தம் பாதியா குறைஞ்சிடும்.

ஸ்டெப் 2: தூளியை மறக்க வைக்கிறது

எல்லாரும் மாட்டிக்கிற இடம் இதுதான். ட்ரெயினே ஆடுதே, தன்னால தூங்கிடும்னு நினைப்போம். ஆனா தூளில துணி உடம்பைச் சுத்தி அணைச்சுப் பிடிச்சிருக்கும், பெர்த்ல தட்டையா போட்டா பிள்ளைக்கு அது தூங்குற இடமாவே தெரியாது. சிலர் மேல் பெர்த் கம்பிலயே சேலையைக் கட்டித் தூளி போட்டுடுறாங்க, தயவுசெஞ்சு அதைச் செய்யாதீங்க, திடீர்னு பிரேக் போட்டா குழந்தை தலை போய் இரும்புல இடிக்கும், முடிச்சு நழுவினாலும் இருட்டுல யாருக்கும் தெரியாது.

ஊருக்குப் போக ஒரு வாரம் பத்து நாள் இருக்கும்போதே ஆரம்பிங்க. முதல்ல பகல் தூக்கம் மட்டும். தூளில தூங்க வெச்சு, அசந்ததும் பாய்க்கு மாத்துங்க. ரெண்டு மூணு நாள்ல அது பழகிடும். அப்புறம் கண்ணு சொருகும்போதே ஆட்டத்தை நிறுத்திட்டுப் பாய்ல போட்டுத் தட்டிக் குடுங்க, அழுதா குனிஞ்சு அணைச்சுக்கோங்க, உடனே தூக்கித் தூளில போட்டா மறுபடி முதல்லருந்து ஆரம்பிக்கணும். கடைசியா தூளியே இல்லாம, தினமும் ஒரே பாட்டு, ஒரே மாதிரி தட்டு. எந்த இடமா இருந்தாலும் அந்தப் பாட்டு கேட்டா தூக்கம்னு பிள்ளைக்குப் புரியணும், இவ்வளவும் அதுக்குத்தான்.

தூளி சேலையைத் துவைக்காம எடுத்துட்டுப் போங்க. பெர்த்ல அதை மடிச்சு விரிச்சு ஓரத்தை இறுக்கமா செருகிட்டா அதே பால் வாசனை, அதே துணி. இதுக்கு ஈடா எந்த ட்ராவல் பெட்டும் நான் பார்க்கல.

ஸ்டெப் 3: கிளம்புற நாள்

பகல்ல தூங்க விடாதே, அப்பதான் ராத்திரி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கும்னு வீட்ல சொல்லுவாங்க. கேக்காதீங்க. ஒரு வயசு ரெண்டு வயசுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 11-லருந்து 14 மணி நேரம் தூக்கம் வேணும், ரொம்பக் களைச்சுப் போனா தூக்கம் வராது, அழுகைதான் வரும்.

ஸ்டெப் 4: பெர்த்ல

ராத்திரி 10 மணிக்கு மிடில் பெர்த் போட்டுட்டா நிமிர்ந்து உட்கார முடியாது. அதுக்கு முன்னாடியே பால், சாப்பாடு, டயப்பர், வெந்நீர்ல துடைக்கிறது எல்லாம் முடிச்சிடுங்க. குழந்தை சுவர்ப் பக்கம், நீங்க வெளிப்பக்கம். மிடில் பெர்த் ஓரத்துல துப்பட்டாவை கிளிப் போட்டுத் தொங்க விட்டா வெளிச்சம் மறையும், குழந்தை முகத்துல படாம பார்த்துக்கோங்க. ஒரு வயசுக்குக் கீழன்னா மல்லாக்கத்தான் படுக்க வைக்கணும், தலகாணி, ரயில்வே கம்பளி எதுவும் பக்கத்துல வேண்டாம், முழுக்கை காட்டன் சட்டையும் சாக்ஸும் போதும். குளிருதான்னு கையைத் தொட்டுப் பார்க்காதீங்க, பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்க.

ஸ்டெப் 5: ஸ்டேஷன்

ஓடும்போது தூங்குற பிள்ளை விழுப்புரத்துலயும் திருச்சிலயும் வண்டி நின்னதும் முழிக்கும். தூக்காதீங்க. வேகம் குறையும்போதே தட்ட ஆரம்பிச்சிடுங்க, வண்டி கிளம்பற வரைக்கும் நிறுத்தாதீங்க.

அப்டேட்: சளி மருந்து குடுத்தா தூங்கிடுமேன்னு கமெண்ட்ல கேட்டிருக்கீங்க. கூடவே கூடாது. குளோர்ஃபெனிரமைனும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி சிரப்பை 4 வயசுக்குக் கீழ குடுக்கக் கூடாதுன்னு 2023-லயே மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்லிடுச்சு. தூங்க வைக்க மருந்துங்கிற பேச்சே வேண்டாம்.

அப்டேட் 2: ட்ரெயின்ல தூங்கிட்டு ஆச்சி வீட்ல தூங்கலன்னு நாலஞ்சு பேர் எழுதியிருக்காங்க. காலைல இறங்கினதும் வெயில் படுற மாதிரி முற்றத்துல விளையாட விடுங்க, சாயந்தரம் நாலு மணிக்கு மேல தூங்க விடாதீங்க. சொந்தக்காரங்க பார்க்க வந்தா ஏழு மணிக்குள்ள பார்த்துட்டுப் போகச் சொல்லுங்க அத்தைன்னு முன்னாடியே சொல்லி வைங்க, அவங்க சொன்னா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. அங்க தூளி கட்டுறதா இருந்தா, உத்திரத்துக் கொக்கி பல வருஷம் சும்மா கிடந்திருக்கும், பெரியவங்க யாராவது ரெண்டு கையாலயும் தொங்கி இழுத்துப் பார்த்துட்டு அப்புறம் கட்டுங்க.