கடலரசன் மகள் பாளையங்கோட்டைக்கு வந்தால்: மாயக் காதல் கதை எழுதும் முறை

கடலுக்கடியில் ஓர் அரசு, அங்கிருந்து ஓர் இளவரசி மனிதர்கள் நடுவே வந்து வாழ்கிறாள், நம்ம ஊர்ப் பையன் ஒருவனை நேசிக்கிறாள். பதினைந்து, பதினாறு வயதுப் பிள்ளைகளுக்காக இப்படி ஒரு தொடர்கதை எழுதி முடித்த பிறகு, எந்த வேலையை எதற்குப் பின் செய்தால் சுலபம் என்று எனக்குப் பிடிபட்டதை இங்கே தருகிறேன். பாத்திரம், உரையாடல் என்றால் என்ன என்றெல்லாம் விளக்கப் போவதில்லை, நேரே வேலைக்குப் போவோம்.

படி 1: ஊரை முடிவு செய்யுங்கள்

பவள மாளிகையை அப்புறம் கட்டிக்கொள்ளலாம். அவள் கரையில் எங்கே தங்குகிறாள், கடலுக்கு எப்படிப் போய்வருகிறாள் என்பதுதான் முதலில் வேண்டும். நான் அவளைப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி விடுதியில் தங்க வைத்தேன். திருச்செந்தூர் ரயில் ஏறினால் செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று வயலும் வாழையுமாகப் போய், ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளம் வந்துவிடும். அந்தப் பாதையிலேயே பாதிக் கதை கிடைக்கும்.

படி 2: பழைய பகை

அரச குடும்பத்துக்குக் கிரீடத்தைவிடப் பகைதான் முக்கியம். அதற்கு வெளியே தேட வேண்டாம். பாண்டியன் கடல்மேல் வேல் எறிந்தான், அது பொறுக்காமல் கடல் பஃறுளி ஆற்றையும் குமரிக்கோடு என்ற மலையையும் விழுங்கியது என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. பாண்டியரின் முத்துத் துறைமுகமான கொற்கை, தாமிரபரணி கொட்டிய வண்டலால் இன்று கடலை விட்டுச் சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கிறது. இதையெல்லாம் கடல்காரர்கள் பக்கம் நின்று பாருங்கள்: வேல் எறிந்தவன் வாரிசுகள் சிப்பியை அள்ளினார்கள், ஆற்றை ஏவி நம் எல்லையையும் தூர்த்தார்கள். தூத்துக்குடியில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அது நின்றதை இரு தரப்புக்கும் நடந்த ரகசிய உடன்படிக்கையாக்கி, மனிதர்கள் வாக்கைக் காப்பாற்றுகிறார்களா என்று பார்த்துவர இளவரசியை அனுப்பினேன்.

படி 3: தண்ணீர் விதி

இங்கே அவசரப்படாதீர்கள். எனக்கு அதிக நேரம் எடுத்தது இந்தப் படிதான். மழையில் நனைந்தால் என்ன ஆகும், தாகத்துக்கு எதைக் குடிப்பாள், அழுதால் வரும் கண்ணீரும் உப்புதானே, இப்படிப் பிள்ளைகள் வரிசையாகக் கேட்பார்கள். எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மூன்றாம் அத்தியாயத்தில் மழைக்குப் பயந்து ஓடியவள் பத்தாம் அத்தியாயத்தில் மழையிலேயே நின்று காதலைச் சொல்வாள். ஒரே தாளில் ஒரு விதி, அதற்கொரு விலை, ஒரே ஒரு விலக்கு எழுதுங்கள். என்னுடைய தாளில் இருந்தது: உப்புநீர் அவளுக்கு உயிர். ஆற்றுநீரைக் குடித்தால் ஒவ்வொரு மிடறுக்கும் ஒரு கடல் நினைவு போகும். இரண்டும் கலக்கும் புன்னைக்காயல் முகத்துவாரத்தில் மட்டும் மறதி கிடையாது.

இந்த விதி கையில் இருந்தால் காட்சிகள் தானாக வரும். பையன் வீட்டுக்கு அவள் முதல்முறை போகிறாள். அவன் அம்மா வியர்த்த செம்போடு வாசலுக்கு வருகிறாள்.

“வெயில்ல வந்திருக்கே, மொதல்ல தண்ணியக் குடி தாயி.”

“இல்லத்தே, வேண்டாம்.”

“ஏன், எங்க வீட்டுத் தண்ணி ஒனக்கு ஆகாதோ?”

நம்ம பக்கம் ஒரு வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். அவள் செம்பை வாங்கிக் குடிக்கிறாள். அன்று ராத்திரி அவளுக்குத் தன் அப்பாவின் குரல் ஞாபகத்துக்கு வரவில்லை. அவள் அவனை எவ்வளவு நேசிக்கிறாள் என்று தனியாக ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை.

படி 4: காதல்

கண்ணை வர்ணிக்காதீர்கள், சேர்ந்து வேலை செய்ய விடுங்கள். பையனின் அப்பா விசைப்படகில் போகிறவர் என்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வீட்டில் வருமானம் இல்லை, கல்லூரிக்கும் விடுமுறை. கிழிந்த வலையை இருவரும் உட்கார்ந்து சரிசெய்யட்டும். தன் ஆட்களைச் சிக்கவைத்த வலையைத் தானே முடிச்சுப் போடுகிறாள் என்பது வாசகருக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

கருவிகள் பற்றி: விதித் தாளைக் கையால் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், அதற்குச் செயலி எதுவும் வேண்டாம். உரையாடலை நெல்லைப் பேச்சிலேயே வாய்விட்டுப் பேசி போனில் பதிந்து, பிறகு தமிழ்99 விசைப்பலகையில் நீங்களே தட்டச்சு செய்யுங்கள். குரல் தட்டச்சு நம்ம பேச்சைக் குதறிவிடும்.

பிற்சேர்க்கை: 2023 டிசம்பர் வெள்ளத்தைக் கடலரசனின் கோபமாக எழுதலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை கொட்டி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு ஜனங்கள் மாட்டிக்கொண்ட நாள்கள் அவை. வீடு இழந்தவர்கள் இந்தக் கதையைப் படிப்பார்கள், அந்தத் துயரத்துக்கு ஒரு கற்பனை ராஜாவைக் காரணம் காட்டக் கூடாது. வேண்டுமானால் பெயரும் தேதியும் இல்லாத ஒரு வெள்ளம் வரட்டும். ஆறு பெருகினால் முகத்துவாரத்தில் உப்பு குறையும், உங்கள் ஒரே விலக்கும் போய்விடும். உச்சக்கட்டத்துக்கு அதுவே போதும்.