பாண்டிச்சேரியை ஒரே நாளில் சுற்றுகிறவர்கள் செய்யும் தவறுகள்

பதினொரு மணி வெயிலில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் நின்று, “இவ்வளவுதானாப்பா உங்க பாண்டிச்சேரி?” என்றார் மாமா. அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த நேரத்தில் பீச் ரோட்டில் ஒதுங்க நிழல் கிடையாது, கரையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் கொதிக்கும்.

வெளியூர்க்காரர்கள் நேரத்தைத் தலைகீழாகப் போட்டுக்கொள்வதுதான் பெரிய தவறு. சாவகாசமாக வந்து உச்சி வெயிலில் கடலைப் பார்ப்பார்கள், மார்க்கெட்டை மத்தியானத்துக்குத் தள்ளுவார்கள். மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை பீச் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். சாலை முழுக்க நடக்கிறவர்களுக்குத்தான். விடியலில் ஒரு நடை, இருட்டியபின் ஒரு நடை, அது போதும்.

அந்தக் கற்களில் இறங்கிக் கால் நனைக்க ஆசைப்படாதீர்கள். 1980களில் ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கல் சுவர் கட்டினார்கள். தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அங்கேயே தேங்கிவிட, ஊருக்கு முன்னால் இருந்த கடற்கரையைக் கடல் தின்றுவிட்டது. மிச்சத்தைக் காக்கப் போட்டவைதான் இந்தக் கற்கள். பாசி வழுக்கும், இழுப்பும் அதிகம். சமீப வருடங்களில் தலைமைச் செயலகம் பக்கம் கொஞ்சம் மணல் சேர்ந்திருக்கிறது. அங்கேயும் குளிக்க இறங்க வேண்டாம்.

காலை நடை முடிந்ததும் நேராக மார்க்கெட். பெயர் குபேர் அங்காடி, ஊர்க்காரர்களுக்குப் பெரிய மார்க்கெட். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் இருக்கிறது. காரை நேரு வீதிக்குள் கொண்டுபோனால் அரை மணி நேரம் போச்சு. தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள். உள்ளே பூக்கடை வாசனை முடிவதற்குள் மீன் வாசனை வந்துவிடும்.

மாமா அங்கே ஒரு கூறு சங்கரா மீனுக்குப் பாதி விலை கேட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். “போணி நேரத்துல வெல கேட்டுட்டு வாங்காமப் போறியே, நல்லாருப்பியா?” என்று மீன்காரம்மா பிடித்துக்கொண்டார். முதல் வியாபாரம் ஆகாத கடையில் வாங்குவதாக இருந்தால் மட்டும் பேரம் பேசுங்கள். செவுளைத் தூக்கிப் பாருங்கள், ரத்தச் சிவப்பாக இருந்தால் எடுக்கலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. அப்போது வஞ்சிர விலையைக் கேட்டு மயங்கி விழ வேண்டாம். கடைசியில் மாமா அதே சங்கராவைச் சொன்ன விலைக்கே வாங்கி டிக்கியில் வைத்தார். சாயங்காலம் வரைக்கும் ஐஸ் பெட்டி இல்லாமல்! அந்தக் காரில் ஒரு வாரம் யாரும் ஏறவில்லை.

சண்டே மார்க்கெட் வேறு. அது காந்தி வீதியில் ஞாயிறு மட்டும் நடக்கும் துணிமணிச் சந்தை. இரண்டையும் ஒன்று என்று நினைத்துச் செவ்வாய்க்கிழமை வந்து தேடுகிறவர்கள் உண்டு.

மத்தியானம் மணக்குள விநாயகர் கோயில் நடை சாத்திவிடுவார்கள், அரவிந்தர் ஆசிரமமும் மூடியிருக்கும். மியூசியத்துக்குத் திங்கள் விடுமுறை. சாப்பிட்டுவிட்டு பாரதி பூங்கா மரத்தடியில் உட்காருங்கள்.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் பகுதியின் மஞ்சள் சுவர்களை மட்டும் படம் எடுத்துவிட்டுத் திரும்புவதும் தவறுதான். அங்கே பல வீடுகளில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், படியேறி நின்று போஸ் கொடுக்காதீர்கள். வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதியில் திண்ணையும் மரத்தூணுமாகத் தமிழ் வீடுகள் நிற்கின்றன. பாரதியார் 1908லிருந்து பத்து வருடம் இருந்த ஊர் இது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் இருந்த வீடு இருக்கிறது.

ஆரோவில்லையும் சுண்ணாம்பாற்றுப் படகையும் இதே நாளில் திணிக்காதீர்கள். ஒன்று ஊருக்கு வடக்கே, இன்னொன்று தெற்கே கடலூர் ரோட்டில். ஆரோவில்லின் தியான மண்டபமான மாத்ரி மந்திருக்குள் போக முன்பதிவு வேண்டும், இல்லையென்றால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். அப்புறம், டிக்கியில் மீனுக்குப் பதில் மது பாட்டில் இருந்தால் தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச்சாவடியில் வண்டியை ஓரம் கட்டச் சொல்வார்கள்.