காப்பியில் சர்க்கரையைப் படிப்படியாகக் குறைப்பது எப்படி?

சென்ற ஆண்டு எடுத்த ரத்தப் பரிசோதனையில் என்னுடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 விழுக்காடு என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்று மருத்துவர் விளக்கிய அன்றே, இனிச் சர்க்கரையைத் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அந்த வைராக்கியம் நான்காம் நாள் மாலைக் காப்பி வரைதான் தாங்கியது. எங்கே போய்ச் சேர வேண்டும் என்று முடிவு செய்த நான், நாளைக் காலையில் என்ன செய்வது என்பதை முடிவு செய்யவில்லை என்பது பிறகுதான் புரிந்தது.

குறைப்பதற்கு முன்னால் அளந்து பாருங்கள். ஒரு வாரம் எதையும் மாற்றாமல், ஒவ்வொரு முறையும் எத்தனை கரண்டி போடுகிறீர்கள் என்று மட்டும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள். தேக்கரண்டியைத் தலைதட்டி அளந்தால் சர்க்கரை ஏறத்தாழ 4 கிராம் இருக்கும். நான் குவித்து அள்ளிப் பழகியவன் என்பதால், தராசில் வைத்தபோது ஒரு கரண்டி 6 கிராமுக்குக் குறையவில்லை. நாளுக்கு நான்கு காப்பி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு கரண்டி என்றால் காப்பியில் மட்டுமே 48 கிராம். உணவில் சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. அந்த 5 விழுக்காடு, பெரியவர் ஒருவருக்குச் சுமார் 25 கிராம்தான்.

முதல் மூன்று வாரம் அதே இரண்டு கரண்டியைத் தலைதட்டிப் போட்டேன். இதிலேயே மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது, நாக்குக்கும் பெரிதாகத் தெரியவில்லை. அடுத்த மூன்று வாரம் ஒன்றரை, பிறகு ஒன்று, பிறகு அரை. ஒவ்வொரு படியிலும் முதல் சில நாள் காப்பி சப்பென்றுதான் இருக்கும். அது பழகிச் சுவைக்கத் தொடங்கும்வரை அடுத்த படிக்கு இறங்காதீர்கள். நாட்டுச்சர்க்கரைக்கோ கருப்பட்டிக்கோ மாறுவதைக் குறைத்ததாகக் கணக்கிட வேண்டாம், அவையும் சர்க்கரைதான். தேநீர்க் கடையில் கலக்குவதற்கு முன்பே, உறவினர் வீட்டில் உட்கார்ந்தவுடனேயே, அரைச் சர்க்கரை போதும் என்று சொல்லிவிடுங்கள்.

கல்யாண வீடு, துக்க வீடு என்று தவறிப்போகும் நாள்கள் வரத்தான் செய்யும். புதுப் பழக்கம் படிவதைப் பற்றி லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 96 பேரை 12 வாரம் கவனித்ததில், அது தானாக நிகழும் நிலைக்கு வர நடுத்தரமாக 66 நாள் ஆகும் என்றும், இடையில் ஒரு நாள் விட்டுப்போவதால் பெரிய பாதிப்பில்லை என்றும் தெரியவந்தது. ஆகவே விட்ட நாளை ஈடுகட்ட மறுநாள் பட்டினி கிடக்காமல், அதே அளவில் தொடருங்கள். சர்க்கரை நோய்க்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே இதைத் தொடங்க வேண்டும்.

மறுபரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். இந்தப் பரிசோதனை அளப்பது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை. ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள் என்பதால், மூன்று மாதத்துக்கு முன்பே பார்த்தால் மாற்றம் முழுமையாகத் தெரியாது. எனக்கு இரண்டாம் முறை 5.8 வந்தது. பகல் காப்பிகளில் இப்போது சர்க்கரையே இல்லை. விடியற்காலை முதல் டிகாக்‌ஷனுக்கு மட்டும் அந்த அரைக் கரண்டியை வைத்துக்கொண்டிருக்கிறேன்.