வாகைக்குளத்தில் விமானத்தைப் படம் பிடிக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

முதல் தடவை கேமராவும் கையுமாக, தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் போனபோது டீக்கடை அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, பிளேனப் பிடிக்க வந்தியளா, பிளேனப் படம் பிடிக்க வந்தியளா?" படம் பிடிக்கத்தான் என்றேன். "இந்த உச்சி வெயில்லயா?" என்றார். அந்தக் கேள்வியின் அர்த்தம் எனக்கு விளங்க ஒரு வருஷம் ஆனது.

அன்றைக்கு நூறு படத்துக்கு மேல் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தால், வால் பக்கம் இருக்கும் பதிவு எழுத்துகள் (நம் நாட்டு விமானம் என்றால் VT என்று தொடங்கும்) தண்ணீருக்குள் கிடப்பது மாதிரி நெளிந்து கிடந்தன. ஜன்னல்கள் ஒன்றோடு ஒன்று ஒட்டிப்போயிருந்தன. லென்ஸில்தான் கோளாறு என்று நினைத்து அதை விற்று இன்னும் விலை கூடிய ஒன்றை வாங்கினேன், அதிலும் அப்படியே நெளிந்தது. விஷயம் இதுதான்: வெயிலில் காய்ந்த ஓடுபாதையிலிருந்து சூடான காற்று மேலே எழும்பும்போது ஒளி வளைந்து வளைந்து வருகிறது. நமக்கும் விமானத்துக்கும் நடுவில் அரை கிலோமீட்டர் கானல் இருந்தால் எந்த லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது. காலையில் எட்டு, எட்டரைக்குள் எடுங்கள், இல்லையென்றால் சாயங்காலம் தரை கொஞ்சம் ஆறட்டும். நடுப்பகலில்தான் போக முடியும் என்றால், விமானம் தரையை விட்டு நன்றாக மேலே ஏறிய பிறகு எடுங்கள். தரையில் ஓடும்போது எடுத்து வீணாக்க வேண்டாம்.

அடுத்த தவறு, வெளிநாட்டுக்காரர்கள் சொல்வதை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவருவது. "ஓடுபாதைக்குத் தெற்கே நில்லுங்கள், சூரியன் எப்போதும் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்" என்பார்கள். லண்டனுக்கு அது சரி. திருநெல்வேலியில் நாம் இருப்பது நிலநடுக்கோட்டுக்கு 8.7 டிகிரிதான் வடக்கே. சித்திரை பிறக்கும் சமயத்தில் மதியச் சூரியன் நமக்கு நேர் உச்சியில் வந்துவிடும், அப்புறம் ஆவணி நடுப்பகுதி வரை வடக்குப் பக்கம்தான் நிற்கும். அந்த நாலரை மாசமும் தெற்கே நின்று எடுத்தால் விமானத்தின் நிழல் பக்கம்தான் உங்களுக்குக் கிடைக்கும். இதை நான் இரண்டு கோடை கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அதுவும் மொட்டைமாடிக் கொடியில் காயும் துணியின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று தற்செயலாகப் பார்த்து.

காற்றை மறப்பது மூன்றாவது. விமானம் எதிர்காற்றில்தான் ஏறும், இறங்கும். வாகைக்குளம் ஓடுபாதையின் இரண்டு முனைகளுக்கும் 10, 28 என்று எண். அந்த எண்ணோடு ஒரு சைபரைச் சேர்த்தால் விமானம் பார்க்கும் திசை டிகிரியில் வந்துவிடும். 10 என்றால் ஏறக்குறைய கிழக்கு, 28 என்றால் ஏறக்குறைய மேற்கு. செங்கோட்டைக் கணவாய் வழியாக ஆடிக் காற்று ஆளைத் தூக்குகிற மாதிரி அடிக்கும் மாசங்களில் பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து மேற்கே பார்த்து இறங்கும், சாயங்கால வெயில் மூக்கில் பளிச்சென்று விழும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் கதை தலைகீழ். திருநெல்வேலிப் பக்கமிருந்து வரும், மூக்குக்குக் காலை வெயில்தான் நல்லது. இது தெரியாமல் தப்பான முனையில் இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்து, விமானம் அந்தப் பக்கம் இறங்கிப் போவதை வாய் பார்த்த நாட்கள் உண்டு. கைபேசிச் செயலியில் விமானம் எங்கே வருகிறது என்று பார்க்கலாம்தான், ஆனால் அதற்கு முன்னால் பக்கத்துப் பனைமரத்து ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

சரி, இனி ஷட்டர் வேகம், அதாவது படம் எடுக்கும்போது கேமரா எவ்வளவு நேரம் கண்ணைத் திறந்து மூடுகிறது என்பது. இதில்தான் எல்லாரும் விழுகிறார்கள். பழைய 1350 மீட்டர் ஓடுபாதைக் காலத்திலிருந்தே இங்கே வந்து போவது ஏடிஆர் 72, விசிறி வைத்த விமானம். (2025 ஜூலை 26-ல் புது முனையம் திறந்தார்கள், ஓடுபாதையையும் நீட்டியிருக்கிறார்கள், எனக்கு இன்னும் அந்த விசிறி மேல்தான் ஆசை.) பறக்கிற பொருளாச்சே என்று 1/2000 நொடியில் வைத்து எடுத்தால் விசிறியின் ஆறு இறக்கையும் அப்படியே உறைந்து நிற்கும், என்ஜின் நின்றுபோய் ஆகாயத்தில் தொங்குகிற மாதிரி இருக்கும், பார்க்கிறவருக்குப் பக்கென்று ஆகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தரையை விட்டுக் கிளம்பும்போது விசிறி நிமிஷத்துக்கு 1200 சுற்று, அதாவது நொடிக்கு 20. ஆறு இறக்கை என்பதால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் 60 டிகிரி. 1/2000 நொடியில் இறக்கை நகர்வது 4 டிகிரி கூட இல்லை. 1/125-ல் 57 டிகிரிக்கு மேல் நகரும், கிட்டத்தட்ட அடுத்த இறக்கையைத் தொட்டுவிடும், முழு வட்டமும் கண்ணாடித் தட்டு மாதிரி விழும்.

ஆனால் 1/125-ல் கை ஆடாமல் விமானத்தோடு கேமராவைத் திருப்ப வேண்டுமே. முதலில் 1/250-ல் ஆரம்பியுங்கள், படிப்படியாகக் குறையுங்கள். ஒரு நாளில் வரும் சில விமானங்களை நம்பிப் பழக முடியாது. நான் பழகியது சுலோச்சன முதலியார் பாலத்தில், 1843-ல் திறந்த பாலம், ஜங்ஷனுக்கும் வண்ணாரப்பேட்டைக்கும் நடுவில் டவுன் பஸ்ஸுக்குப் பஞ்சமே கிடையாது. நம்மைக் கடந்து போகும் பஸ்ஸின் பெயர்ப்பலகை கூர்மையாகவும் பின்னால் தாமிரபரணி கோடுகோடாகவும் வந்தால் நீங்கள் தயார். குளிர்காலத்தில் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் போனால் இன்னும் நல்லது. கூழைக்கடா காலை முன்னால் நீட்டிக்கொண்டு தண்ணீரில் சறுக்கி இறங்குவதைப் பார்த்தால், இறங்குவது எப்படி என்று விமானத்துக்கே இதுதான் சொல்லிக்கொடுத்ததோ என்று தோன்றும். அங்கே போய்ப் பறவையைப் பறக்க வைக்கக் கையைத் தட்டாதீர்கள். தீபாவளிக்கு வெடி போடாமல் அதுகளைக் காக்கிற ஊர்க்காரர்களிடம் வாங்கிக்கட்டிக்கொள்வீர்கள்.

வெள்ளை விமானம், வெளிறிய வானம், இரண்டையும் பார்த்துக் கேமரா குழம்பிப் படத்தை இருட்டாக்கிவிடும். கேமராவில் வெளிச்ச அளவை (எக்ஸ்போஷர்) ஒரு படி கூட்டி வையுங்கள், அவ்வளவுதான்.

செம்மணல் மேடான தேரிப் பக்கம் லென்ஸ் மாற்றாதீர்கள். குதிரைமொழித் தேரியில் ஆடிக் காற்றில் பத்து நொடிதான் திறந்து வைத்தேன். அப்புறம் ஆறு மாசம் எடுத்த எல்லா வானத்திலும் அம்மை போட்ட மாதிரி புள்ளிகள். அதே மாதிரி, கேமராவை அரிசி டப்பாவுக்குள் வைத்தால் ஈரம் போகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அரிசிமாவுத் தூசி உள்ளே ஏறும். காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல் பொட்டலம், செலவு நூறு இருநூறு ரூபாய்தான்.

எங்கே எடுக்கக் கூடாது என்று தெரியாமல் கிளம்புவது எல்லாவற்றையும் விட மோசமான தவறு. விஜயநாராயணத்தில் கடற்படையின் கட்டபொம்மன் தளம், அதன் வானுயரக் கம்பங்கள் எங்கிருந்து பார்த்தாலும் கண்ணில் படும், நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்புபவை. மகேந்திரகிரியில் இஸ்ரோ, கூடங்குளத்தில் அணுமின் நிலையம். மூன்றும் நம் திருநெல்வேலி மாவட்டத்துக்குள்ளேயே இருக்கின்றன, மூன்று பக்கமும் பெரிய லென்ஸைத் தூக்கவே தூக்காதீர்கள். விமான நிலையத்துச் சுவரோரம் பதுங்கி நிற்பதும் வேண்டாம். வெளியே பொது இடத்தில், நாலு பேர் பார்க்க நில்லுங்கள், காவலர் கேட்டால் எடுத்த படத்தைக் காட்டுங்கள், போகச் சொன்னால் வாதாடாமல் போய்விடுங்கள். டிரோன் வைத்திருக்கிறவர்கள் எங்கே டிரோன் பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பு எது, மஞ்சள் எது என்று பார்க்காமல் மேலே விடக் கூடாது. கல்யாண வீடியோக்காரர்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான்.

விமானத்துக்கு உள்ளே இருந்து எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏடிஆரில் இறக்கை கூரைக்கு மேல் இருப்பதால் கீழே பார்க்கத் தடை இல்லை, ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்தால் விசிறிதான் தெரியும், பின்பக்கம் சீட் கேளுங்கள். லென்ஸில் போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் கண்ணாடி) மாட்டினால் ஜன்னலில் வானவில் கறை விழும். லென்ஸைக் கண்ணாடியில் அழுத்தினால் அதிர்வு ஏறும், அதனால் விரலிடை விட்டு ஒரு கறுப்புத் துண்டைச் சுற்றிக்கொள்ளுங்கள். கிழக்கிலிருந்து நேராக இறங்கினால் வலது பக்கம் துறைமுகமும் உப்பளக் கட்டங்களும், இடது பக்கம் புன்னைக்காயலில் தாமிரபரணி கடலில் சேர்வதும் தெரியும். எனக்கு இடதுதான். புனே, லே மாதிரி ராணுவத் தளங்களில் இறங்கும்போது மட்டும் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

பெரிய விமானம் வேண்டும் என்று திருவனந்தபுரத்துக்கு ரயில் ஏறுகிறவர்கள் ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் ஊர்வலம்) நாளா என்று பார்த்துவிட்டுப் போங்கள். பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு வருஷத்துக்கு இரண்டு தடவை ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகும், அதற்காகச் சில மணி நேரம் விமான நிலையத்தையே மூடிவிடுவார்கள். நான் போனது அந்த நாளில்தான்.

கடைசியாக, மொட்டைமாடியில் நிலாவுக்குக் குறுக்கே விமானம் போவதை எடுக்க ஆசைப்படுகிறவர்களுக்கு. கொழும்பிலிருந்து வளைகுடா போகிறவை நம் தலைக்கு மேல் 11 கிலோமீட்டர் உயரத்தில் போகும். உச்சி நிலாவின் வட்டம் அந்த உயரத்தில் ஏறக்குறைய நூறு மீட்டர்தான் வரும், விமானமோ நொடிக்கு 250 மீட்டர் போகிறது. அரை நொடிகூட இல்லை. கண்ணில் பட்டதும் அழுத்தலாம் என்று இருந்தால் வெறும் நிலாதான் மிஞ்சும், வட்டத்தைத் தொடுவதற்கு முன்னாலேயே விடாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் எனக்கு இதுவரை கிடைத்திருப்பது ஒரு வாலும் அதன் பின்னால் கொஞ்சம் புகையும்தான்.