ஈஸி ரன் என்ற பெயரில் ரேஸ் ஓடாதீர்கள்

ஜனவரித் தொடக்கத்தில் சென்னை மாரத்தான். அக்டோபர் பிறந்ததுமே மெரினா, பெசன்ட் நகர், ஈ.சி.ஆர். எங்கும் புதுமுகங்கள் தென்படுவார்கள். பெரும்பாலும் முதல் ஹாஃபுக்கு, அதாவது 21.1 கி.மீ. அரை மாரத்தானுக்கு, பெயர் கொடுத்தவர்கள். உழைப்பில் குறை சொல்லவே முடியாது, நாலரை மணிக்கு எழுந்து வருகிறார்கள். ஆனால் வருஷா வருஷம் அதே தவறுகள், ஏறக்குறைய அதே வரிசையில். போட்டியன்று புது ஷூ போடாதே, தண்ணீர் குடி என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். தவறு என்றே தெரியாமல் செய்பவற்றை மட்டும் இங்கே பார்ப்போம்.

ஈஸி நாளில் வேகமாக ஓடுவது

10 கி.மீ.யை 60 நிமிடத்தில் முடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 6 நிமிடம். ஒழுங்காகத் தயாரானால் ஹாஃபை 2 மணி 12 நிமிடத்திலிருந்து 2 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்கலாம். அப்படியானால் அவருடைய ரேஸ் பேஸ், அதாவது போட்டியில் ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம், 6:15 முதல் 6:25 வரை. ஈஸி ரன், அதாவது சிரமமில்லாமல் மெதுவாக ஓடும் பயிற்சி, 7:15-க்கும் 8:00-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அவர் ஓடுவதோ 6:30-இல். கேட்டால் "ஈஸியாத்தான் இருந்துச்சு" என்பார். பொய் சொல்லவில்லை. அந்த வேகத்தில் மூச்சு லேசாக வாங்கும், கால் இன்னும் ஓடு என்று கேட்கும், முடித்ததும் உழைத்த திருப்தி இருக்கும். ஆனால் ரேஸ் பேஸுக்கும் இதற்கும் பத்து விநாடிதான் வித்தியாசம். வாரத்தில் நாலு நாள் ஓடுகிறார் என்றால் நாலு நாளும் ரேஸுக்குப் பக்கத்திலேயே ஓடுகிறார்.

இந்த நடுவாந்தர வேகம்தான் ஆளைக் கெடுக்கிறது. மெதுவாக ஓடும்போது உடம்பு கொழுப்பைப் பெரிய அளவில் எரிக்கும். வேகம் ஏற ஏற, தசையில் சேர்த்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைகோஜனில் கைவைக்கும். அது காலியானால் மறுபடி நிரம்ப ஒரு நாளாவது ஆகும், நன்றாகச் சாப்பிட்டால். செவ்வாய்க்கிழமை 6:30-இல் 8 கி.மீ., புதன்கிழமையும் அப்படியே என்றால், வியாழக்கிழமை இன்டர்வெல்லுக்கு (இடைவெளி விட்டு விட்டு வேகமாக ஓடும் பயிற்சிக்கு) அரைத் தொட்டியோடுதான் வந்து நிற்பார். திட்டம் 800 மீட்டர் ஆறு முறை, ஒவ்வொன்றும் நாலரை நிமிடம். முதல் இரண்டு சரியாக வரும். நாலாவது 4:45 ஆகும். ஐந்தாவதைப் பாதியில் நிறுத்திவிட்டு இடுப்பில் கைவைத்து நிற்பார்.

எரிச்சலூட்டுவது அதற்குப் பிறகு நடப்பது. "எனக்கு ஸ்பீடு பத்தலை" என்று அவரே முடிவு கட்டி, அடுத்த வாரம் ஈஸி ரன்னை இன்னும் வேகமாக்குவார். டிசம்பர் முதல் வாரம் முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு ஓரமாக வலி, அல்லது காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போது குதிகாலில் குத்தல். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பழகிவிடும். தசைநார்களும் எலும்பும் பழக மாதக்கணக்காகும். மூச்சு தாங்குகிறதே என்று ஓட்டுகிறவருக்குக் காலில் சேரும் கடன் தெரிவதே இல்லை. இரண்டு மாதம் அதிகாலையில் எழுந்ததெல்லாம் பிசியோதெரபி மேஜையில் போய் முடிவதைப் பார்க்க மனசு கேட்பதில்லை, ஏனென்றால் முழுக்கத் தவிர்க்கக்கூடியது அது.

மெதுவாக ஓடினால் பலன் இல்லை என்ற பயம்தான் இதற்கெல்லாம் வேர். உண்மை வேறு. இதயம் ஒரு துடிப்பில் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு, பெரும்பாலானவர்களுக்கு மிதமான உழைப்பிலேயே உச்சத்தை நெருங்கிவிடும். தசைக்குள் நுண்ணிய ரத்தக்குழாய்கள் பெருகுவதும், செல்லில் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா கூடுவதும் மெதுவாக நீண்ட நேரம் ஓடுவதால் நன்றாகவே நடக்கும். கென்யாவின் மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2022-இல் பெர்லின் மாரத்தானை 2:01:09-இல் முடித்தார். கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 2:52. அவருடைய ஈஸி ரன்கள் 4 நிமிடத்துக்கு மேல்தான் போகும், தொடக்கத்தில் இன்னும் மெதுவாக. ரேஸ் பேஸிலிருந்து ஒரு நிமிடத்துக்கும் மேல் அவரே இறங்குகிறார். நாம் பத்து விநாடி இறங்கிவிட்டு ஈஸி என்கிறோம்.

சரிசெய்வது எப்படி? உங்கள் அண்மைய 10 கி.மீ. பேஸோடு 75 முதல் 120 விநாடி கூட்டுங்கள். அதுதான் எல்லை. முதல் 2 கி.மீ. அந்த எல்லையின் மெதுவான முனையை விடவும் மெதுவாகப் போகட்டும். பிறகு பேசிப் பாருங்கள். வீட்டுக்குப் போன் செய்து, வரும்போது என்னென்ன காய் வாங்கி வர வேண்டும் என்று கேட்டு, அதைத் திருப்பிச் சொல்லுங்கள். நீங்கள் ஓடிக்கொண்டிருப்பது எதிர்முனையில் இருப்பவருக்குத் தெரியக் கூடாது. மூன்று சொல்லுக்கு ஒருமுறை மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். அடையாறு திரு.வி.க. பாலம் ஏறும்போது அந்தப் பேச்சு உடைந்தால் நடங்கள். ஈஸி ரன்னில் நடப்பது குற்றமில்லை. மெதுவாக ஓடுவதற்காகக் காலை இழுத்து இழுத்து வைக்க வேண்டாம், அடியைச் சின்னதாக்கி, காலடியின் தாளத்தை விடாமல் ஓடுங்கள்.

முதல் மூன்று வாரம் சலிப்பாக இருக்கும். முதியவர்கள்கூடத் தாண்டிப் போவார்கள். போகட்டும். வியாழக்கிழமை ஆறாவது 800 மீட்டரும் நாலரை நிமிடத்தில் வரும்போது வித்தியாசம் தெரியும்.

வெயில், புழுக்கம் இரண்டையும் கணக்கில் எடுக்காதது

அக்டோபரில் சென்னையின் விடியற்காலை 26 டிகிரி என்று போனில் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்று கிளம்புவார்கள். பார்க்க வேண்டியது காற்றின் ஈரப்பதம். வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும், ஈரக்காற்றில் அது உலராமல் சொட்டிக்கொண்டே இருக்கும். உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோலுக்குப் போகும், தசைக்குக் கிடைப்பது குறையும், ஈடுகட்ட இதயம் கூடுதலாகத் துடிக்கும். அதே 7:30 பேஸில் கடைசி 3 கி.மீ.யில் துடிப்பு நிமிடத்துக்குப் பத்துக்கு மேல் ஏறியிருப்பது சாதாரணம். அன்றைக்குப் பேஸைப் பிடித்துத் தொங்காமல் துடிப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். 8:15 ஆனாலும் அது ஈஸி ரன்தான்.

லாங் ரன்னுக்கு (நீண்ட தூரப் பயிற்சி ஓட்டத்துக்கு) முன்னும் பின்னும் ஒருமுறை எடை பாருங்கள், ஈர பனியனைக் கழற்றிவிட்டு. ஒரு கிலோ குறைந்திருந்தால் குடித்ததற்கு மேல் ஏறக்குறைய ஒரு லிட்டர் வியர்வையாகப் போயிருக்கிறது. உப்புப் போட்ட மோர் வெறும் தண்ணீரை விட அங்கே நன்றாக வேலை செய்யும்.

கைக்கடிகாரம் சொல்வதை வேதமாக எடுப்பது

220-இலிருந்து வயதைக் கழித்தால் உச்சத் துடிப்பு என்ற சூத்திரம் கூட்டத்தின் சராசரிக்குத்தான் பொருந்தும். 42 வயதுக்காரருக்கு 178 என்று வரும். உண்மையில் அவருக்கு 165 இருக்கலாம், 190-உம் இருக்கலாம். அதை வைத்துக் கடிகாரம் வரையும் ஸோன்கள் (துடிப்பை வைத்துப் பிரிக்கும் உழைப்பு நிலைகள்) எல்லாம் அதே அளவுக்கு விலகியிருக்கும். ஸோன் 2, அதாவது ஈஸி, என்று அது சொல்ல, உங்களால் பேச முடியவில்லை என்றால் உங்கள் மூச்சை நம்புங்கள்.

இன்னொன்று. ஓடத் தொடங்கிய சில நிமிடத்திலேயே துடிப்பு 168 என்று காட்டி அங்கேயே நின்றால், உங்கள் காலடி எண்ணிக்கையைப் பாருங்கள். அதுவும் நிமிடத்துக்கு 168 ஆக இருக்கலாம். மணிக்கட்டு சென்சார் ரத்த ஓட்டத்துக்குப் பதில் கை அதிர்வைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. நின்று, கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். பட்டையை மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே ஏற்றி இறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மார்புப் பட்டை இருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

வேகமான குழுவோடு ஓடுவது

உங்களை விடக் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம் வேகமானவரின் ஈஸி, உங்கள் ரேஸ். பின்வரிசையில் ஓடுங்கள் அல்லது தனியாக ஓடுங்கள்.

ஸ்ட்ராவாவுக்காக ஓடுவது

ஓட்டத்தைப் பதிவு செய்து மற்றவர்களுக்குக் காட்டும் செயலி அது. பேஸை மறைக்கும் வசதி அதிலேயே இருக்கிறது.

மழைக்கு விட்டதைச் சேர்த்து ஓடுவது

நவம்பரில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் நிற்கத்தான் செய்யும். விட்டது விட்டதுதான்.

போட்டி தூரத்தை முன்கூட்டியே ஓடிப் பார்ப்பது

முதல் ஹாஃபுக்கு 16 முதல் 18 கி.மீ. லாங் ரன் போதும். 7:45 பேஸில் 18 கி.மீ. ஓடுவதற்கே 2 மணி 20 நிமிடம் பிடிக்கும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டினால் கூடும் பலனை விடக் கால் அடிபடுவது அதிகம், அடுத்த வாரம் முழுக்கப் பாழ். மனசுக்குத் தைரியம் வேண்டும் என்று போட்டிக்கு இரண்டு வாரம் முன்னால் 21 ஓடுகிறார்கள். அந்தக் களைப்பு முழுதாகத் தீராமலேயே தொடக்கக் கோட்டில் நிற்பார்கள்.

டேப்பரில் படுத்துவிடுவது, அல்லது கடைசியில் அள்ளிப் போடுவது

டேப்பர் என்பது போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைக்கும் காலம். அதில் இரண்டும் நடக்கிறது. முந்தின இரண்டு மாதத்தில் விட்டதையெல்லாம் கடைசிப் பத்து நாளில் பிடிக்கப் பார்ப்பவர்கள் ஒரு பக்கம். அந்தப் பயிற்சியின் பலன் உடம்பில் சேர்வதற்குள் போட்டி முடிந்துவிடும், களைப்பு மட்டும் கூடவே வரும். இன்னொரு பக்கம், ஓய்வு என்று ஒரு வாரம் ஓடாமலே இருந்துவிட்டு, முதல் கிலோமீட்டரில் கால் கட்டையாக இருக்கிறதே என்று குழம்புபவர்கள்.

குறைக்க வேண்டியது தூரத்தை. நாட்களைக் குறைக்காதீர்கள், வேகத்தை அறவே விட்டுவிடவும் வேண்டாம். வாரம் 36 கி.மீ. ஓடியவர் போட்டிக்கு முந்தின வாரத்தில் 24, போட்டி வாரத்தில் போட்டியைச் சேர்க்காமல் 14 அல்லது 15 என்று வரலாம். போட்டி வாரச் செவ்வாய்க்கிழமை 2 கி.மீ. மெதுவாக, பிறகு ரேஸ் பேஸில் 1 கி.மீ. இரண்டு முறை, நடுவில் 3 நிமிடம் நடை, கடைசியில் 1 கி.மீ. மெதுவாக. வியாழக்கிழமை 5 கி.மீ. ஈஸி, முடிவில் 20 விநாடி ஸ்ட்ரைட்ஸ் நாலு. ஸ்ட்ரைட்ஸ் முழுவேக ஓட்டம் அல்ல, 5 கி.மீ. ரேஸில் ஓடும் வேகத்தைக் கொஞ்சம் தாண்டினால் போதும். அந்த வாரத்தில் இல்லாத இடத்திலெல்லாம் வலிப்பது போலத் தோன்றும். நடக்கும்போது நொண்ட வைக்காத வலி என்றால், அதைச் சோதிக்கக் கூடுதலாக ஓடிப் பார்க்காதீர்கள்.

முந்தின நாள் 15 முதல் 20 நிமிடம் மிக மெதுவாக, இரண்டு மூன்று ஸ்ட்ரைட்ஸோடு. போட்டிக்கான பொருள்களைக் கொடுக்கும் எக்ஸ்போவுக்கு அந்த நாளுக்கு முன்பே போய், பிப்பையும் (மார்பில் குத்தும் எண் அட்டை) டீ ஷர்ட்டையும் வாங்கியதும் கிளம்பிவிடுங்கள். கடை கடையாக இரண்டு மணி நேரம் நிற்பது அந்த 20 நிமிடத்தை விடக் காலைக் களைப்பாக்கும்.